மட்டக்களப்பு அலுவலகத்துக்கு ஆறு சிறிய வணிக லப்டொப்கள்: ஒப்பீடும் தெரிவும்

மட்டக்களப்பு நகரில் உள்ள ஒரு கணக்கு அலுவலகம். கிராமியச் சேமிப்புச் சங்கங்கள், அரிசி ஆலைகள், சில்லறைக் கடைகள் ஆகியவற்றின் கணக்குகளைப் பார்க்கிறது. வேலை செய்பவர்கள் ஆறு பேர். அவர்களில் நால்வர் கிழமையில் பாதி நாட்கள் வெளியில்தான் இருப்பார்கள்: வெள்ளாவெளி, கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, சில வேளை வடக்கே வாகரை வரை. பயணம் மோட்டார் சைக்கிளில், லப்டொப் முதுகுப் பையில். மற்ற இருவரும் நாள் முழுக்க அலுவலக மேசையில், கேபிள் வழி நெட்வேர்க்கில்.

கையில் இருந்தவை இன்டெல் ஏழாம் தலைமுறை இயந்திரங்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஏற எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது. மற்றவர்களின் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் அலுவலகம் பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் வேலை செய்யக்கூடாது. ஆறையும் மாற்றியாக வேண்டும், ஆறும் புதிதாக வாங்கக் காசு போதாது. ஆகவே வெளிநாட்டு நிறுவனங்கள் பாவித்து வெளியே விட்ட 2021 ஆம் ஆண்டு மாடல்களைப் பார்த்தார்கள்.

கடைசியில் வாங்கியது நான்கு எச்பி எலைட்புக் 840 ஜி8, இரண்டு டெல் லட்டிட்யூட் 5420. வரிசையில் மிக மெல்லியதும் கைக்கு மிக இதமானதுமான லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வு.

ஒப்பீட்டுக்கு எடுத்தவை

நான்கு மாடல்கள்: திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஜென் 9, லட்டிட்யூட் 7420, லட்டிட்யூட் 5420, எலைட்புக் 840 ஜி8. நான்கும் 14 அங்குலத் திரை, நான்கும் இன்டெல் பதினோராம் தலைமுறை. ஆரம்ப எடை எக்ஸ்1 கார்பனில் 1.13 கிலோ, 7420 இல் 1.22, 840 இல் 1.32, 5420 இல் ஏறத்தாழ 1.37 கிலோ. மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் கால் கிலோதான் வித்தியாசம். தண்ணீர்ப் போத்தலும் கோப்புகளும் சேர்ந்த பையில் அது பெரிதாகத் தெரியாது.

செயலியில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ஐ5-1135ஜி7 உம் ஐ7-1165ஜி7 உம் இரண்டுமே நான்கு கோர், எட்டு த்ரெட். ஐ7 இல் கேஷ் 8 எம்பிக்குப் பதில் 12 எம்பி, வேகம் சற்றுக் கூட. மெல்லிய உடலுக்குள் சூடேறியதும் இரண்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எக்செல், கணக்கு மென்பொருள், சூம் கூட்டம் என்ற வேலைக்கு ஐ7 என்ற ஸ்டிக்கருக்குக் கூடக் காசு கொடுப்பது வீண். அந்தக் காசை ரேமுக்குக் கொடுக்கலாம்.

ஒட்டிய ரேம்

இந்த ஒப்பீட்டில் மற்ற எல்லாவற்றையும் விடக் கூடக் கனம் பெற்றது இதுதான்.

எக்ஸ்1 கார்பனிலும் லட்டிட்யூட் 7420 இலும் ரேம் சிப்புகள் மதர்போட்டிலேயே ஒட்டப்பட்டவை. 8 ஜிபியோடு வாங்கினால் அந்த இயந்திரத்தின் ஆயுள் முழுக்க 8 ஜிபிதான். 840 ஜி8, 5420 ஆகிய இரண்டிலும் டிடிஆர்4 சோடிம் ஸ்லொட் (கழற்றி மாற்றக்கூடிய ரேம் குச்சி செருகும் இடம்) இரண்டு உண்டு. 8 ஜிபியோடு வந்தாலும் இன்னொரு 8 ஜிபி குச்சியை மட்டக்களப்பிலேயே வாங்கிப் போடலாம். குரோமில் பத்துப் பக்கங்கள், பெரிய எக்செல் கோப்பு ஒன்று, பின்னால் சூம்: இதை விண்டோஸ் 11 இல் 8 ஜிபிக்குள் அடக்கினால் எஸ்எஸ்டியை ஓயாமல் எழுதி அழித்துக்கொண்டு இயந்திரம் திணறும். இந்த அலுவலகத்துக்கு 16 ஜிபி கட்டாயம் என்று முதலிலேயே எழுதி வைத்தார்கள்.

கடையில் காட்டிய எக்ஸ்1 கார்பன் ஐ7 உடையதுதான், ஆனால் 8 ஜிபி. 16 ஜிபி உள்ளது கிடைத்தபோது அதன் விலை 840 க்கும் கூடுதல் ரேமுக்கும் சேர்த்து வருவதைத் தாண்டிவிட்டது. அத்தோடு அந்த மாடல் இந்தப் போட்டியில் இருந்து விலகியது. 16 ஜிபியோடு நியாய விலையில் ஒன்று அகப்பட்டால், அதிகம் பயணம் செய்யும் ஒருவருக்கு அது இன்னும் சிறந்த இயந்திரம்தான். 400 நிட் திரை (நிட் என்பது திரைப் பிரகாசத்தின் அளவு), 16:10 என்ற கூடிய திரை உயரம், 57 வாட்-மணி பற்றரி (வாட்-மணி என்பது பற்றரி கொள்ளும் மின்சக்தியின் அளவு) எல்லாம் ஒரே உடலில் கிடைப்பது இலேசல்ல.

ஒட்டியதா ஸ்லொட்டா என்பதைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லில் நம்பத் தேவையில்லை. டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ், மெமரி என்று போனால் கீழே ஃபோர்ம் ஃபக்டர் என்ற வரி இருக்கும். அதில் சோடிம் என்று இருந்தால் குச்சி. ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் ஒட்டியது. அதற்குப் பக்கத்தில் உள்ள ஸ்லொட்ஸ் யூஸ்ட் வரியை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ஒட்டிய இயந்திரமும் அங்கே ஏதாவது ஒரு எண்ணைக் காட்டும்.

இன்னொரு நுணுக்கம். 840 ஜி8 பெரும்பாலும் ஒரே குச்சியோடு விற்பனைக்கு வருகிறது. ஒற்றைக் குச்சியில் ஓடும்போது டிவைஸ் மனேஜர் கிராஃபிக்ஸை ஐரிஸ் எக்ஸ்ஈ என்று காட்டாமல் யூஎச்டி என்று காட்டும். கிராஃபிக்ஸ் பழுதில்லை, ரேம் இரண்டு சானலில் ஓடவில்லை என்பதுதான் காரணம். இரண்டாவது குச்சி ஏறியதும் பெயர் மாறும், வெளித் திரை இணைக்கும்போது இழுவையும் குறையும்.

குச்சி வாங்கும்போது டிடிஆர்4, 3200, சோடிம் என்று மூன்றையும் சொல்லிக் கேட்க வேண்டும். அடுத்த மாடலான 840 ஜி9 டிடிஆர்5 க்கு மாறிவிட்டது. குச்சியின் விளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாறிப் போட்டால் ஏறவே ஏறாது. அழுத்தினால் ஸ்லொட் உடையும்.

வெயிலில் திரை

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் சங்கக் கூட்டம் பெரும்பாலும் முற்றத்தில் அல்லது திறந்த மண்டபத்தில் நடக்கும். 250 நிட் திரை அங்கே கண்ணாடியாகிவிடும். எக்செலின் மெல்லிய கோடுகளும் சாம்பல் எழுத்துகளும் முதலில் மறையும். வெளியே போகும் நால்வருக்கும் 400 நிட் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஒரே மாடல் பெயருக்குள் பல திரைகள் வந்திருக்கின்றன. 840 ஜி8 இல் 250 நிட், 400 நிட், 1000 நிட் என்று மூன்று உண்டு. 5420 இல் 1366×768 என்ற மங்கலான அடிமட்டத் திரை கூட இருக்கிறது. அதைத் தெரியாமல் வாங்கியவர்கள் எக்செலில் பாதி நெடுவரிசைகளைக் காணாமல் அவதிப்படுவார்கள். டெல் என்றால் அடியில் உள்ள ஏழு எழுத்துச் சேர்விஸ் டாக்கை டெல்லின் தளத்தில் போட்டால் தொழிற்சாலையில் இருந்து என்ன பாகங்களோடு வந்தது என்று பட்டியல் வரும். மற்றவற்றுக்கு நேரடிச் சோதனைதான்: பிரகாசத்தை நூறுக்கு ஏற்றி, வெற்று எக்செல் தாளைத் திறந்து, நண்பகலில் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது. 250 உம் 400 உம் அடுத்தடுத்து வைத்தால் ஒரே பார்வையில் வித்தியாசம் தெரியும்.

1000 நிட் என்று கேட்டதும் அதுதான் சிறந்தது என்று தோன்றும். எச்பியில் அந்தத் திரை ஷுவர் வியூ என்ற ஒளிப்புத் திரை. எஃப்2 விசையை அழுத்தினால் பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. விமானத்தில் வேலை செய்யும் அதிகாரிக்கு அது பயன்படும். சங்க உறுப்பினர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, "இந்தா பாருங்கம்மா, போன மாசம் நீங்க கட்டினது இது, மிச்சம் இது" என்று காட்ட வேண்டிய கள உத்தியோகத்தருக்கு அது இடைஞ்சல். ஒளிப்பை நிறுத்திய பிறகும் பக்கவாட்டில் பார்க்கும்போது நிறம் மங்கும். மாதிரியாக வந்த ஒரு 840 இல் இந்தத் திரை இருந்தது. திருப்பிக் கொடுத்து 400 நிட் திரை உள்ளதை எடுத்தார்கள்.

பற்றரிக் கணக்கு

விளம்பரத்தில் சொல்லும் மணித்தியாலத்தை விட்டுவிட்டு வாட்-மணியால் கணக்குப் பார்ப்பதே சரி. இந்த வகை இயந்திரம் எக்செல், பிரவுசர் வேலையில், திரையைப் பாதிக்கு மேல் ஏற்றி வைத்தால் சுமார் 8 வாட் இழுக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். 840 ஜி8 இன் பற்றரி புதிதில் 53 வாட்-மணி: எட்டால் வகுத்தால் ஆறரை மணித்தியாலம். ஆனால் பாவித்த பற்றரியின் தேகம், அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் மிஞ்சியிருப்பது, 70 வீதம் என்று வைத்தால் 37 வாட்-மணி, நாலரை மணித்தியாலம். அதே 70 வீதத்தில் எக்ஸ்1 கார்பன் ஐந்து மணித்தியாலம் தரும். டெல்லில் 42, 63 என்று இரண்டு அளவு பற்றரிகள் வந்தன. 63 என்றால் ஐந்தரை மணித்தியாலம். 42 என்றால் மூன்றரைக்குச் சற்று மேல்தான். "டெல் பற்றரி நல்லம்" என்றோ "கூடாது" என்றோ சொல்பவர்கள் எந்த அளவைப் பாவித்தார்கள் என்று கேட்காமல் அதை எடுத்துக்கொள்ளக்கூடாது.

தேகத்தை அளப்பது எளிது. கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் விண்டோஸ் ஓர் அறிக்கைக் கோப்பை எழுதித் தரும். அதில் டிசைன் கப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி என்ற இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் தேகம். இந்த அலுவலகம் 75 வீதத்தை எல்லையாக வைத்தது. அதற்குக் கீழே உள்ளதற்குப் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துக் கேட்டது. முழுத் தேகம் காட்டுகிற பழைய இயந்திரத்தில் பற்றரி மாற்றப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, மாற்றியது அசலா என்று கேட்க வேண்டும்.

எண் நல்லதாக இருந்தாலும் உடலைப் பார்க்க வேண்டும். தட்டையான மேசையில் வைத்து நாலு மூலையையும் மெல்ல அழுத்தினால் ஆடக்கூடாது. டச்பேட் நடுவில் உயர்ந்தோ கிளிக் செய்யக் கடினமாகவோ இருந்தால் உள்ளே பற்றரி ஊதுகிறது. அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் எடுக்கக்கூடாது.

கடை மேசையில்

கொழும்பில் இருந்து எடுப்பதென்றால் பழுது கண்டுபிடித்தபின் திருப்பிக் கொடுக்க ஓர் இரவுப் பஸ் பயணமும் ஒரு வேலை நாளும் போகும். அதனால் முதலில் தெரிவுசெய்த இரண்டு மாடல்களிலும் ஒவ்வொன்று மட்டும் எடுத்து ஒரு கிழமை வேலை செய்து பார்த்து, பிறகு மிச்சத்தை எடுத்தார்கள். ஆறையும் ஒரே தடவையில் எடுத்தால் விலை குறையும் என்ற பேச்சுக்கு அவர்கள் மசியவில்லை.

பாவித்த வணிக லப்டொப்பில் மிக மோசமான பழுது கண்ணுக்குத் தெரியாதது: பழைய நிறுவனத்தின் பூட்டு. மிச்ச இயந்திரங்களில் ஒன்று பார்க்கப் புதுசு போல இருந்தது. விண்டோஸை ரீசெட் செய்து, முதல் அமைப்பின்போது வை-ஃபையில் இணைத்ததும், ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அவர்களுடைய மின்னஞ்சலைக் கேட்டது. ஓட்டோபைலட் என்ற இந்தப் பதிவு மைக்ரோசொஃப்ட்டின் சேவரில், மதர்போட்டின் அடையாளத்தோடு இருக்கிறது. விண்டோஸை எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் போகாது. பழைய நிறுவனம் தன் பட்டியலில் இருந்து எடுத்தால் மட்டுமே விலகும். இன்டர்நெற் இணைக்காமல் அமைத்துக் கொடுக்கும் கடைகளில் இது மறைந்துவிடும். ஆகவே கடை மேசையிலேயே, போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, ரீசெட்டில் இருந்து தொடங்கிக் காட்டச் சொல்ல வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அந்த நேரத்துக்குச் சம்மதிக்காத கடையில் வாங்கத் தேவையில்லை. இந்த இயந்திரத்தைக் கடை மாற்றிக் கொடுத்தது.

அடுத்தது பயோஸ், விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை. எச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2, திங்க்பேட்டில் எஃப்1. பாஸ்வேட் கேட்டால் அங்கேயே வைத்துவிட வேண்டும். திங்க்பேட்டின் சுப்பர்வைசர் பாஸ்வேட் மறந்துபோனால் மதர்போட் மாற்றுவதே லெனோவோ சொல்லும் வழி. உள்ளே போனதும் அப்சொலியூட் என்ற பகுதி இயங்கு நிலையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொலைந்த இயந்திரத்தைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாடு அது. இயங்கு நிலையில் இருந்தால் முந்திய உரிமையாளர் இன்னும் கையை விடாமல் இருக்கலாம்.

விசைப்பலகையில் ஒரு தனிக் கவனம் நமக்கு வேண்டும். ஐரோப்பாவில் இருந்து வரும் இயந்திரங்களில் ஜேர்மன், நோர்டிக் விசைப்பலகைகள் நிறைய, மேலே ஆங்கில ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். பாமினியில் தட்டுபவர்களுக்கு எழுத்துகள் நிறுத்தற்குறி விசைகளிலும் இருக்கின்றன. அந்த விசைகளும் என்டரும் இடம் மாறினால் பழகிய விரல் தடுமாறும். என்டர் ஒரே வரிசையில் கிடையாகப் படுத்திருக்கும் அமெரிக்க அமைப்பையே கேட்டு வாங்க வேண்டும். மெல்லிய இயந்திரங்களில் விசைப்பலகை மாற்றுவது என்றால் அநேகமாக உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கூலியோடு பார்த்தால் அது இலாபமில்லை.

திருகுகளின் தலை துருப்பிடித்திருக்கிறதா, யூஎஸ்பி-சி துளைக்குள் பச்சை படிந்திருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பார்ப்பதும் நல்லது. கடற்காற்றும் மாரி ஈரமும் உள்ள ஊரில் ஏற்கனவே தொடங்கிய துரு வேகமாகப் பரவும்.

ஏன் இரண்டு மாடல்

வெளியே போகும் நால்வருக்கு 840 ஜி8. 400 நிட் திரை, மாற்றக்கூடிய ரேம், நடுத்தர எடை, புரொஜெக்டருக்கு நேரடி எச்டிஎம்ஐ, இரண்டு யூஎஸ்பி-ஏ. யூஎஸ்பி-சி சார்ஜுக்கு மேலதிகமாகப் பழைய உருண்டை முனைச் சார்ஜர் துளையும் இருப்பது பெரிய அனுகூலம். யூஎஸ்பி-சி துளை மதர்போட்டில் ஒட்டப்பட்டது. கம்பியில் கால் தடுக்கி அது ஆடத் தொடங்கினால் திருத்த நுண்கருவி வேண்டும். வேறு துளை ஒன்று இருந்தால் அன்றைய வேலை நிற்காது. எக்ஸ்1 இலும் 7420 இலும் உருண்டை முனைத் துளை இல்லை.

மேசையில் இருக்கும் இருவருக்கு 5420. நான்கு மாடல்களில் நெட்வேர்க் கேபிள் துளை உடலிலேயே உள்ளது இது ஒன்றுதான். மற்றவற்றுக்கு யூஎஸ்பி அடப்டர் வேண்டும், அது எப்போதும் யாரோ ஒருவரின் பையில் வெளியே போய்விடும். மேசையில் பிளக்கில் இருப்பதால் 42 வாட்-மணி பற்றரியே போதும் என்று விலை குறைந்ததை எடுத்தார்கள். 7420 நல்ல இயந்திரம். ஆனால் ஒட்டிய ரேம் என்ற எக்ஸ்1 இன் குறையையே, அதன் திரை உயரம் இல்லாமல், கொண்டிருந்தது.

வாங்கிய பிறகு செய்தவை

முதல் வேலை ரேம் ஏற்றியது. சார்ஜரைக் கழற்றி, இயந்திரத்தை முழுதாக நிறுத்தி, அடி மூடியின் திருகுகளைத் தளர்த்தி, பின்கீல் பக்கத்தில் இருந்து மூடியை மெல்ல நெம்பி எடுத்து, எதையும் தொடுவதற்கு முன் பற்றரி இணைப்பைக் கழற்ற வேண்டும். குச்சியை முப்பது பாகை சாய்வில் முழுதாக உள்ளே தள்ளி, பொன் நிறக் கோடு ஏறக்குறைய மறைந்த பிறகே கீழே அழுத்த வேண்டும். இரு பக்கமும் கிளிக் கேட்கும். மூடிய பின் ஒன் செய்தால் திரை ஒரு நிமிடத்துக்கு மேல் கறுப்பாகவே இருக்கலாம், தானாக நின்று மறுபடி எழலாம். ரேமை அடையாளம் காண எடுக்கும் நேரம் அது. அந்த இடைவெளியில் பயந்து பவர் விசையைப் பிடித்து அணைப்பவர்கள்தான் "ரேம் பழுது" என்று கடைக்கு ஓடுகிறார்கள். எந்த அசைவும் இல்லை என்றால் சார்ஜரைச் செருகிப் பார்க்க வேண்டும். பற்றரியைக் கழற்றி மாட்டிய பின் சில இயந்திரங்கள் சார்ஜர் கொடுத்தால்தான் விழிக்கும்.

இரண்டாவது சார்ஜர். நான்கு எலைட்புக்குக்கும் இரண்டு லட்டிட்யூட்டுக்கும் 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் பொது: 20 வோல்ட், 3.25 அம்பியர். அடியில் அச்சிட்ட எண்களில் இந்த இரண்டும் இருக்க வேண்டும். போன் சார்ஜரில் போட்டால் மெதுவாக ஏறும், அல்லது எச்சரிக்கை காட்டி ஏறாமலே இருக்கும். ஐரோப்பிய இரண்டு பின் கம்பியை அடப்டரில் செருகிப் பாவிப்பதை நிறுத்தி, சார்ஜரில் இருந்து கழற்றக்கூடிய கம்பியை மட்டும் ஃபியூஸ் உள்ள 13 அம்பியர் சதுரப் பின் கம்பியாக மாற்றினார்கள். செலவு மிகக் குறைவு, தளர்ந்த அடப்டரில் பொறி பறப்பது நின்றது. இடி மின்னல் காலத்தில் மதியத்துக்குப் பின் பிளக்கைக் கழற்றிவிடுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பழக்கம், பற்றரி இருப்பதால் வேலையும் நிற்காது.

மேசை இயந்திரங்கள் இரண்டிலும் பயோஸில் பற்றரி அமைப்பை எப்போதும் பிளக்கில் இருப்பதற்கான நிலைக்கு மாற்றினார்கள். எலைட்புக்குகளில் பயோஸின் பற்றரி ஹெல்த் மனேஜரைப் பற்றரித் தேகம் காக்கும் நிலைக்கு வைத்தால் 80 வீதத்துக்கு மேல் ஏறாது. ஆனால் வாகரை போகும் நாளுக்கு முந்திய இரவு அதை மாற்றி நூறு வரை ஏற்ற வேண்டும். மறந்தால் ஐந்தில் ஒரு பங்கு நேரம் குறையும். அதனால் நால்வரில் தூரப் பயணம் போகும் இருவரின் இயந்திரத்தில் இந்த எல்லையை வைக்கவில்லை.

நால்வரும் போன் ஹொட்ஸ்பொட்டில்தான் வேலை செய்கிறார்கள். சிம் போடும் 4ஜி மொடியூலைப் பிறகு வாங்கிப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. திரை மூடிக்குள் அதற்கான அன்டெனாக் கம்பிகள் தொழிற்சாலையிலேயே வைக்கப்படாத இயந்திரத்தில் மொடியூல் மட்டும் போட்டுப் பயனில்லை என்பதால் அது கைவிடப்பட்டது. ஒரு 840 ஐத் திறந்தபோது மொடியூல் இடம் வெறுமையாக இருந்தது, கறுப்பு டேப் சுற்றிய கம்பி முனை எதுவும் அங்கே இல்லை. அந்தச் செலவுக்கு மாற்றாக, நான்கு இயந்திரங்களுக்கும் பொதுவாக ஒரு மேலதிகச் சார்ஜரும் ஒரு 840 பற்றரியும் வாங்கி அலுவலக அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். பற்றரி பாதிச் சார்ஜில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஓர் இயந்திரத்தில் மாட்டி அளவு பார்த்து, திரும்பப் பாதிக்குக் கொண்டுவந்து வைப்பது முடிவு.